வால்வை மாற்றுவதா, மீற்றரைப் பிடிப்பதா?

ஆலயப் பாடகர் குழுவின் பழைய வால்வு (சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) கிற்றார் அம்பிளிபயரின் சத்தம் குறைந்துவிட்டால் வன்னியில் உடனே இரண்டு கட்சி முளைத்துவிடும். ஒரு கட்சி எல்லா வால்வுகளையும் மாற்றச் சொல்லும். மற்றது மின்னழுத்தம் அளக்கும் மீற்றரைத் தேடும். வால்வு என்பது கிளிநொச்சியில் கடைக்குக் கடை தொங்கும் சாமான் அல்ல. கொழும்பிலிருந்து வரவேண்டும், அல்லது கனடாவிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் வரவேண்டும். ஆகவே முதலாம் கட்சியின் வைத்தியம் விலை கூடியது.

இரண்டுக்கும் முன்னால் காதை நம்புங்கள். வலு 30 வாட்டிலிருந்து 15 ஆகக் குறைந்தாலும் 3 டெசிபல்தான் குறையும். சாதாரணக் காதுக்கு அது சிறிய மாற்றம். சத்தம் பாதியாகிவிட்டதுபோலத் தோன்றினால் வலு பத்தில் ஒன்றுக்கு இறங்கியிருக்கிறது. அவ்வளவு பெரிய சரிவை வால்வின் வயது மட்டும் திடீரென்று கொண்டுவருவது அரிது. பின்பக்கத்தில் எஃபெக்ட் லூப் துளைகள் (வெளி ஒலிக்கருவியை இடையில் இணைப்பவை) இருந்தால், 'சென்ட்', 'ரிட்டர்ன்' இரண்டையும் ஒரு குட்டை வயரால் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால், உள்ளே இருக்கும் தொடுமுனையில் செம்மண் புழுதியோ களிம்போ ஏறியிருக்கிறது. செலவு, துப்புரவு திரவம் மட்டுமே.

மாலையில் மட்டும் மந்தமாகிறதா? சுவர் சொக்கெட்டின் வோல்ற்றை அளந்து பாருங்கள். 230 வோல்ற் 200 ஆனால், 6.3 வோல்ற் கேட்கும் வால்வு இழை 5.5 அளவில்தான் சூடாகும். வலு ஏறக்குறைய கால்பங்கு போகும். ஆனால் அதுவும் காதுக்கு ஒன்றரை டெசிபலுக்குள்தான். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இது பெரிய குறையல்ல.

இனி வால்வு. புதிது வாங்குவதைவிட, உள்ள இரட்டை ஈஎல்84 வெளியீட்டு வால்வுகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பார்ப்பது மேல். அணைத்து, ஆறவிட்டு மாற்றுங்கள். ஒரு வால்வு மட்டும் சிவப்பதுபோன்ற கோளாறு வால்வோடு சேர்ந்து நகர்ந்தால் வால்வுதான் குற்றவாளி. அதே சொக்கெட்டில் நின்றால் சுற்றில் பிழை. காசே இல்லாத இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு வால்வு வாங்குகிறவர்களை எனக்கு விளங்குவதில்லை.

சுற்றில்தான் பிழை என்றால் மீற்றர் கட்சி வெல்கிறது. முந்திய கட்டத்தின் ஒலியை மட்டும் கடத்தவேண்டிய இணைப்புக் கொண்டென்சர் கசிந்தால், வெளியீட்டு வால்வின் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையில்) நேர் மின்னழுத்தம் ஏறி, உள்ளே தகடு செந்தணலாகச் சிவக்கும். கதோட் பயஸ் அம்பிளிபயரில் (வால்வின் ஓய்வு மின்னோட்டத்தைக் கதோட் முனையிலுள்ள தடையே சரிசெய்யும் வகை) வெளியீட்டு வால்வுகளைக் கழற்றிவிட்டு கிரிட் முனையை அளந்தால் பூச்சியம் காட்டவேண்டும். ஒன்றிரண்டு வோல்ற் நின்றாலும் கொண்டென்சரை மாற்றுங்கள். இதைப் பார்க்காமல் புது வால்வு போட்டால் அதுவும் வெந்துவிடும். மந்தத்தோடு 100 ஹேர்ட்ஸ் இரைச்சலும் கூடினால், மின்வழங்கலைச் சீராக்கும் வடிகட்டிக் கொண்டென்சர்கள் வெக்கையில் உலர்ந்துவிட்டனவோ என்று சந்தேகியுங்கள்.

ஆனால் மீற்றர் கட்சியில் ஓர் ஆபத்து உண்டு: அணைத்த பிறகும் அந்தக் கொண்டென்சர்களில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது ஆளைக் கொல்லும். அந்த மின்னை வெளியேற்றத் தெரியாதவர் பெட்டியைத் திறக்கவே கூடாது; அவருக்கு இடமாற்றச் சோதனையே எல்லை.

வெளியீட்டு மின்மாற்றி எரிந்திருந்தால் இரண்டு கட்சியும் தோற்றதுதான். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பஸ்ஸில் ஏற்றுங்கள். வால்வுகளைக் கழற்றி, துணியில் சுற்றி, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் குலுக்கலை அவற்றின் கண்ணாடி தாங்காமல் போகலாம்.