ரப்பர் டயர் மாற்றி 'சூப்பர்' என்று விற்கிறார்கள்: சுங்கை சிப்புட் பக்கம் பொம்மைக் கார் சேகரிப்பவர்கள் கவனிக்கவும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஹாட் வீல்ஸ் என்ற சின்ன உலோகப் பொம்மைக் கார்களைச் சேகரிக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கடை போட்டு, போனிலும் ஆர்டர் எடுத்து, 'சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்' என்று சொல்லி ஒருவர் விற்கும் கார்களில் போலி கலந்திருக்கிறது. நான் வாங்கியது போலி. பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஒரு தம்பி வாங்கிய இரண்டும் போலி. புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை. கையில் இருப்பது அசலா என்று எப்படிப் பார்ப்பது, கொடுத்த பணத்தை எப்படிக் கேட்பது, இந்த இரண்டையும் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பேரங்காடியில் தொங்கும் சாதாரண ஹாட் வீல்ஸ் கார் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். அதற்குள் அபூர்வமாகக் கலந்து வருவதுதான் ட்ரெஷர் ஹன்ட். மேட்டல் நிறுவனம் 1995இல் ஆரம்பித்தது. 2007இலிருந்து அதிலேயே சாதாரணம், சூப்பர் என்று இரண்டு ரகம். இப்போது வரும் சூப்பர் காரின் உடம்பில் 'டிஎச்' என்ற எழுத்து இருக்கும். பெயின்ட் ஸ்பெக்ட்ராஃப்ளேம், அதாவது அடியில் இருக்கும் உலோகம் மின்னுவது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற பூச்சு. டயர் பிளாஸ்டிக் இல்லை, ரப்பர். அட்டையில் காருக்குப் பின்னால் மறைந்த இடத்தில் பொன்னிறத் தீச்சுடர் முத்திரை இருக்கும். கிடைப்பது அரிது என்பதால் பத்து வெள்ளிப் பொருள் கைமாறும்போது நூற்றுக்கணக்கில் போகிறது. ஏமாற்றுகிறவர்கள் நுழையும் சந்து இதுதான்.

நான் 280 வெள்ளி கொடுத்தேன். அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நான்கு பக்கமும் டேப் ஒட்டி வைத்திருந்தார். வெளியே எடுத்துப் பார்க்கிறேன் என்றதற்கு, "வேணாண்ணே, அட்டை மூலை மடங்கிடுச்சுன்னா விலை விழுந்துடும்" என்றார். சேகரிக்கிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான், நியாயமான பேச்சுதான். உறைக்குள் பார்த்தபோது டயர் ரப்பர், பெயின்ட் பளபளப்பு, எழுத்தும் இருந்தது.

வீட்டில் மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த எழுத்து என் கண்ணை உறுத்தியது. நான் தமியா நிறுவனத்தின் 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கார் கிட்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டுகிறவன். தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கல் எப்படி இருக்கும் என்று விரலுக்கே தெரியும். அதில் எழுத்தைச் சுற்றி ஒரு மயிரிழை அளவுக்கு மெல்லிய படலம் நீண்டு நிற்கும்; விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த ஓரம் கோடாகத் தெரியும். ஹாட் வீல்ஸ் தொழிற்சாலையில் டெக்கல் ஒட்டுவதில்லை. டாம்போ என்ற முறையில், மெத்தென்ற சிலிக்கான் கட்டையால் மையை எடுத்து நேராக உலோகத்தில் அச்சுக் குத்துகிறார்கள். மை மட்டும்தான் இருக்கும், சுற்றிப் படலம் வரவே வராது. என் காரில் 'டிஎச்' எழுத்தைச் சுற்றி அந்தப் படலம் இருந்தது.

அதற்கப்புறம் அட்டையைப் பிரித்தேன். டெக்கல் மென்மையாக்கும் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பஞ்சுக்குச்சியால் எழுத்தின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுத்து சுருங்கி, தோல் மாதிரி மடிந்து, குச்சியோடு வந்துவிட்டது. காரைத் திருப்பினேன். ஹாட் வீல்ஸ் காரின் அடித்தட்டு உடம்போடு ரிவெட்டால், அதாவது நுனியைத் தட்டையாக்கிய உலோக முளையால், சேர்ந்திருக்கும், அந்த ரிவெட்டின் தலை மழமழவென்று பொத்தான் போலப் பரந்திருக்கும். இதில் தலையே இல்லை. துளைபோட்டு எடுத்துவிட்டு, அந்தக் குழியில் எபாக்ஸி பசையை நிரப்பிக் கறுப்பு மை தடவியிருந்தார்கள். ஓரத்தில் துளைக்கும்போது விழுந்த உலோகத் துருவல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்தட்டில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் சேர்ந்த தயாரிப்புக் குறியீடு இருக்கும்; எழுத்து ஆண்டு, எண் வாரம். அந்தக் குறியீட்டின் ஆண்டும் அட்டையில் அச்சாகியிருந்த ஆண்டும் பொருந்தவில்லை. ஆக, எங்கோ கிடைத்த பழைய சாதாரண காரைக் கழற்றி, பெயின்டை உரித்து, மேலே புதுப் பூச்சு அடித்து, தனியாக விற்கும் ரப்பர் டயரை மாட்டி, வேறோர் அட்டைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

டயர் மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ப் பையன்கள் சிலர் கஸ்டம் வேலை அருமையாகச் செய்கிறார்கள். 'இது நான் மாற்றியது' என்று சொல்லி விற்றால் நானே காசு கொடுத்து வாங்குவேன். மாற்றியதைத் தொழிற்சாலையில் அப்படியே வந்தது என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

காரை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். ஆள் பதறவே இல்லை.

"சீல் உடைச்சிட்டீங்களேண்ணே. உடைச்ச பொருளை நான் திருப்பி எடுத்துக்கறதில்லை."

"உடைச்சாத்தானே தம்பி ரிவெட் தெரியும்?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. நான் கொடுக்கும்போது சீலோட கொடுத்தேன். நீங்க உள்ளே என்ன மாத்தினீங்களோ."

பழியை என் பக்கமே திருப்பிவிட்டார். இவர்களுடைய தந்திரமே இதுதான். பிரித்தால்தான் போலி என்று தெரியும், பிரித்துவிட்டால் கேட்க வழியில்லை. பலர் வாங்கியதைப் பிரிக்காமலே சுவரில் மாட்டி வைத்திருப்பதால் ஏமாந்ததுகூடத் தெரியாமல் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துத் தாமான் தம்பி செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், ஓவர்டைம் காசைச் சேர்த்து வாங்கியவர். அவர் காரைத் திருப்பி அந்த நிரப்பிய குழியை நான் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்தக் கார்களின் அடியில் 'மலேசியாவில் தயாரானது' என்று பொறித்திருக்கும். பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கும் தொழிற்சாலையில் நம் நாட்டு ஆட்கள் செய்த பொருள். அதை நம் ஊரிலேயே துளைபோட்டு நம் பிள்ளைகளிடமே விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிரிக்காமலே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில், உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள், எவ்வளவு நியாயமான காரணம் சொன்னாலும் சரி. கைபேசி டார்ச்சை அட்டைக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்து, காரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ் அட்டையோடு சேரும் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். தொழிற்சாலையில் சூடுவைத்து அழுத்துவதால் ஒட்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். சூடுகாட்டிப் பிரித்து மறுபடி ஒட்டியதில் அட்டையின் காகித நார் கிளம்பியிருக்கும், பசை ஓரிடத்தில் பளபளக்கும், ஓரிடத்தில் நகம் வைத்தால் தூக்கும். பொன்னிற முத்திரையைக் குமிழின் இடுக்கு வழியாகத் தேடுங்கள். முத்திரை இருப்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம், உள்ளே இருந்த அசல் காரை எடுத்துவிட்டு அட்டையை மட்டும் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கடைசியாக எழுத்தின் ஓரம். படலம் தெரிந்தால் வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை.

அட்டையே இல்லாமல் லூசாக விற்கும் சூப்பர் வாங்குவது என்னைக் கேட்டால் இன்னும் பாதுகாப்பு. விலையும் குறைவு, திருப்பி ரிவெட்டைப் பார்த்துவிடலாம்.

இதே ஆள் பழைய பிளாஸ்டிக் கிட்டும் விற்கிறார். திறந்து காட்டச் சொல்லி, பாகங்கள் இருக்கும் பைகள் பிரிபட்டிருக்கின்றனவா, டெக்கல் தாள் மஞ்சள் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக டயர். வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் மிருதுவான டயர், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அரித்து உருக்கிவிடும். ஒருவரின் கிட்டில் பாடி ஓரத்திலேயே டயர் அச்சு விழுந்திருந்தது.

இனி பணம். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கிப் பரிமாற்றம் செய்தால் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் திரையில் வரும், அதைப் படமெடுத்து வையுங்கள். அனுப்புவதற்கு முன்னாலேயே அந்தக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். கார் வரவே இல்லை, ஆளும் காணோம் என்றால் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள், அது மோசடிகளுக்கான தேசிய எண்.

'சீல் உடைத்தால் ரிஃபண்ட் இல்லை' என்று சொன்னதற்குப் பயந்து சும்மா இருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். கடைக்காரர் தானாக ஒரு நிபந்தனை போட்டு அந்த உரிமையை நீக்கிவிட முடியாது. பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் மனு போடலாம். 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை, இணையத்திலும் பதியலாம். பிரச்சினை நடந்து மூன்று வருடத்துக்குள் போட்டால் போதும். ஆனால் இது வியாபாரமாகச் செய்பவர்கள் மேல்தான் செல்லும். யாரோ ஒருவர் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்றை விற்றதற்குப் போக முடியாது. நம் ஆள் வாராவாரம் கடை போடுகிறவர், அதனால் போட்டிருக்கிறேன். பரிமாற்றத் திரை, அவர் போனில் அனுப்பிய 'அசல் சூப்பர்' என்ற செய்தி, ரிவெட்டின் படம், மூன்றையும் இணைத்தேன். அந்தத் தம்பியும் தனியாக மனு போடுகிறார்.

அவரிடம் வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். பிரிக்கும் முன் போனை நிலையாக வைத்து, அட்டையின் நான்கு ஓரமும் தெரியும்படி இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். 'நீங்கள்தான் மாற்றினீர்கள்' என்று அவர் சொல்வதற்கு அந்த வீடியோ இடம் கொடுக்காது. விளக்கும் லென்சும் என்னிடம் இருக்கின்றன, கொண்டுவந்தால் கூட உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.