எட்டு மழைக்காலம் பார்த்த எங்கள் வீட்டு ஜன்னல்கள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே வயலை ஒட்டி எங்கள் வீடு. 2017 ஆவணியில் குடிபோனோம். பழைய ஓட்டு வீட்டின் முன்கட்டை இடிக்க மனம் வராமல் பின்பக்கம் மட்டும் புதிதாகக் கட்டியதால் ஒரே வீட்டில் மூன்று வகை ஜன்னல் அமைந்துவிட்டது. முன்கட்டில் தாத்தா காலத்துத் தேக்கு, படுக்கையறைகளில் யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங், சமையலறையில் அலுமினியம். வீடு கட்டப் போகிறவர்கள் யாராவது பார்க்க வந்தால் "மரம் போடலாமா, யுபிவிசி போடலாமா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கப் போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் நாம். டெல்டாவில் ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியோடு வரும், சித்திரை வெயிலில் சாயங்காலம் கிழக்கேயிருந்து கடற்காற்று வந்தால்தான் உயிர் வரும், ஐப்பசி கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். இதெல்லாம் தெரிந்தும், புதுக்கட்டில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நாலுக்கு நாலு ஸ்லைடிங், மேலே ஒன்றரை அடி சன்ஷேடு என்று போட்டுவிட்டோம். பார்க்க ஒரே வரிசையாக அழகாக இருந்தது, அதில் மயங்கியதுதான் தப்பு.

அடுத்த வருடமே கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்பே வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. கிழக்கு அறை ஜன்னலில் தண்ணீர் கண்ணாடி வழியாக வரவில்லை, கதவு ஓடுகிற கீழ் டிராக்கிலிருந்து குழாயில் பீறிடுவது போலக் கொப்பளித்து உள்ளே வந்தது. அம்மாவும் நானும் வேட்டி, போர்வை எல்லாவற்றையும் திணித்து, பிழிந்து, மறுபடி திணித்து விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். முன்கட்டிலும் இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்தது, ஆனால் அந்தத் தேக்குக் கதவுகள் கொண்டி போட்ட இடத்தைவிட்டு அசையவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினேழு நாள். அந்த நாட்களில்தான் ஜன்னல் என்றால் என்ன என்றே எனக்குப் புரிந்தது. ஸ்லைடிங்கில் ஒரு கதவைத் தள்ளினால் அது இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும், நாலடி ஜன்னலில் காற்று வருவது இரண்டடிக்குத்தான். அதிலும் கொசுவலையை மூடினால் இன்னும் குறையும். முன்கட்டு ஜன்னல் இரண்டு பக்கமும் விரியத் திறக்கும், மேலே கையகலத்தில் வென்டிலேட்டர் வேறு, சூடான காற்று அந்த வழியே வெளியேறிவிடும். புது அறைகளைப் பூட்டிவிட்டு வீடே முன்கட்டில் பாய் விரித்துப் படுத்தது.

யுபிவிசி மட்டம் என்று நான் சொல்லவில்லை. கரையான் அண்டாது, பெயிண்ட் வேலை இல்லை, மதிய வெயிலில் அலுமினியச் சட்டம் கை வைக்க முடியாமல் கொதிக்கும்போது இது அவ்வளவாகச் சுடுவதில்லை. சதுர அடிக்கு அறுநூறு ரூபாய் சொச்சம் கொடுத்தோம், அதற்குக் குறையில்லாமல் உழைக்கிறது. ஆனால் மாட்ட வந்தவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே போனார்கள். கீழ் டிராக்கில் விழும் மழைத்தண்ணீர் வெளியே போக வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. எங்களுக்கு அது தெரிந்தது மூன்றாவது மழைக்காலத்தில். ஆடிப்புழுதியும் அறுப்பு மிஷின் கிளப்பும் வைக்கோல் தூசியும் சேர்ந்து அடையாக இறுகி, இரண்டு ஜன்னலில் துளை இருந்த இடமே தெரியவில்லை. இப்போது புரட்டாசி கடைசியில் ஈர்க்குச்சி விட்டுக் குத்தி, ஒரு செம்பு தண்ணீரை டிராக்கில் ஊற்றி, வெளியே ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். அப்புறம், கிழக்குச் சுவரில் சன்ஷேடை இரண்டரை அடிக்கு நீட்டி, அதன் அடிப்பக்கம் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு காடி வெட்டச் சொன்னேன். தண்ணீர் அடிப்பக்கமாகவே ஓடி வந்து சுவரில் இறங்காமல் அந்தக் காடியிலேயே சொட்டிவிடும். கட்டும்போதே செய்தால் செலவே தெரியாது.

மர ஜன்னல் வைப்பவர்களுக்கு ஒன்று. மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் பிடிக்கும், உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். நாங்கள் ஒரு கார்த்திகையில் இழைத்தோம், சித்திரையில் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுண்டுவிரல் போகிற சந்து. தை, மாசி வரை பொறுத்து, அப்போதும் பிடித்தால் மட்டும் இழைக்கலாம்.

கொசுவலை விஷயத்தில் காசு பார்க்கவே கூடாது. தீபாவளி சமயத்தில் விளக்கைப் போட்டால் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி மொய்த்துவிடும், சோற்றுத் தட்டில் எல்லாம் விழும், வலை இல்லாமல் அந்த மாதத்தைத் தள்ள முடியாது. முதலில் போட்ட ஃபைபர் வலையை, சம்பா அறுத்தபின் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வந்தபோது இரண்டே இரவில் கடித்து ஓட்டை போட்டுவிட்டன. துருப்பிடிக்காத எஃகு வலைக்கு மாற்றி ஐந்து வருடம் ஆகிறது, மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுவதோடு சரி.

சமையலறை அலுமினியம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன ஜன்னல், உருளைச் சக்கரம் ஒருதரம் மாற்றினேன்.

தெற்கு அறை ஸ்லைடிங்கை மட்டும் எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் முழுக்கத் திறக்கும் கதவு போட முடிவு செய்திருக்கிறோம். அம்மா படுக்கிற அறை அது, தென்றல் வரும் பக்கம். நிலையைப் பெயர்த்தால் பூச்சு உடையும், சுவர் நனைந்திருக்கும்போது வேண்டாம் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். தை அறுப்பு முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார். மேலே ஒரு வென்டிலேட்டருக்கும் இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.