வேலை இல்லாத 11 மாதங்கள்: காமிக்ஸ், இசை, தொலைக்காட்சி – பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

ஒரு பொருளை வாங்கிய மறுநாளே அதைப் பற்றி எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. அட்டைப்பெட்டியின் வாசனை போவதற்குள் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பிடி கழன்றதா, பேட்டரி தாங்குகிறதா என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால்தான் இதை எழுத 11 மாதம் பொறுத்திருந்தேன். பொருள்கள் மூன்று: காமிக்ஸ், இசை, தொலைக்காட்சி. பயன்படுத்திய சூழல்: ஒரு வேலை போய், அடுத்த வேலை வராத காலம். அளவு: அன்றாடம், சில நாள்களில் மூன்றும் சேர்ந்து 14 மணி நேரம் வரை. அந்த 14 மணி நேரத்தில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பதிவு பதிவாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வேலை போனால் பணம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நேரமும் கூடவே போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நேரம் கொட்டிக் கிடக்கும், இத்தனை ஆண்டுகள் ஒதுக்கி வைத்ததையெல்லாம் பார்த்து, கேட்டு, படித்து முடித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். முதல் வாரம் விடுமுறை போலவே இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, இன்று செவ்வாயா புதனா என்று புரியாமல் துண்டோடு நின்றேன். கைபேசியை எடுத்துப் பார்த்தேன். வியாழன்.

இது எனக்கு மட்டும் வந்த நோயல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அங்கிருந்த ஆலை மூடப்பட, கிட்டத்தட்ட ஊரே வேலை இழந்தது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் அந்த மக்களின் அன்றாட வாழ்க்கையைக் கணக்கெடுத்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக்கூட நேரம் பிடித்து அளந்திருக்கிறார்கள். வீட்டு வேலை காத்திருந்த பெண்கள் விரைந்து போனார்கள். ஆண்கள் மெதுவாக, நின்று நின்று போனார்கள். கடிகாரம் வைத்துக்கொள்வதையே பல ஆண்கள் விட்டிருந்தார்கள். என்னைச் சுட்ட தகவல் வேறு: ஊர் நூலகத்திலிருந்து எடுத்துப்போகும் புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்தது. நேரமே கிடைக்காத காலத்தில் படித்தவர்கள், நாள் முழுக்க நேரம் கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்கள். ஒதுக்கி வைத்த பட்டியலை முடித்துவிடலாம் என்ற என் கணக்கு எங்கே பிழைத்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

தொலைக்காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். கற்றுக்கொள்ள எதுவும் இல்லாத பொருள், உட்கார்ந்தால் போதும். 1950இல் ஜெனித் நிறுவனம் வெளியிட்ட, பெட்டியோடு கம்பியால் இணைந்திருந்த ரிமோட்டுக்கு ‘லேஸி போன்ஸ்’ என்று பெயர். சோம்பேறியைச் செல்லமாகத் திட்டும் சொல். பொருளை விற்கிறவர்களே உண்மையைப் பெயராக வைத்த காலம் அது. அந்த ரிமோட்டிலாவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. இப்போது ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. நிறுத்துவதற்குத்தான் கையை நீட்ட வேண்டும். வேலையில் இருந்தபோது இதன் ஆபத்து எனக்கு உறைக்கவில்லை. காலையில் எழ வேண்டும் என்ற நினைப்பு பதினொரு மணிக்கெல்லாம் பெட்டியை அணைக்க வைத்தது. அந்த நினைப்பு போனதும் தொடர்களுக்குக் கரையே இல்லாமல் போயிற்று.

குறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மாதம், ஒரு துப்பறியும் தொடரின் மூன்றாவது சீசனில் இருந்தேன். பிணத்தின் சட்டைப்பையில் ஒரு சாவி கிடைத்திருந்தது. அது எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரிந்துகொள்ளாமல் எழுவதில்லை என்று கைபேசியின் ஒலியை அணைத்து, கவிழ்த்து வைத்திருந்தேன். திரும்ப எடுத்தபோது மணி மூன்று. 11.40க்கு ஒரு தவறிய அழைப்பு, 11.52க்கு இன்னொன்று, இரண்டும் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த ஒரு நிறுவனத்திலிருந்து. பதறிப்போய் அழைத்தேன். “இன்றைக்குள் முடிக்க வேண்டியிருந்தது சார், அடுத்தவரிடம் பேசிவிட்டோம்” என்றார் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக. அந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறந்தது என்பது இன்று எனக்கு நினைவில்லை.

இன்னொரு எச்சரிக்கை: அலுவலகத்தை வைத்து எடுத்த நகைச்சுவைத் தொடர்களை இந்தக் காலத்தில் தவிர்க்கவும். முன்பு விழுந்து விழுந்து சிரித்த காட்சிதான். ஒன்றுக்கும் உதவாத கூட்டம் ஒன்று நடக்கிறது, ஒருவன் தூங்கி விழுகிறான். அவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. என் கை தானாக என் நெஞ்சுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது. சேனலை மாற்றிவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் தொலைக்காட்சியை நான் தூக்கி எறியவில்லை. காரணம், வாரத்துக்கு ஒரே பகுதி மட்டும் வெளியாகும் ஒரு தொடர். சுமாரான தொடர்தான், கதாநாயகன் ஒவ்வொரு வாரமும் அதே தவற்றைச் செய்வான். ஆனால் அது வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வந்தது. துண்டோடு நின்ற எனக்கு வியாழன் என்று ஒரு கிழமை திரும்பக் கிடைத்தது. வியாழன் கிடைத்ததும் புதனுக்கு ‘நாளைக்கு இருக்கிறது’ என்ற அடையாளம் வந்தது, வெள்ளிக்கு ‘அடுத்து என்ன ஆகும்’ என்ற யோசனை வந்தது. அக்கா வீட்டிலும் அதே தொடரைப் பார்த்தார்கள். வியாழன் பத்து மணிக்கு அவள் அழைப்பாள். அதற்கு முன் அவள் அழைத்தால் “ஏதாவது பதில் வந்ததாடா?” என்றுதான் முதல் கேள்வி வரும். இப்போது “அந்த மடையன் கதவைப் பூட்டாமலே போய்விட்டானே, பார்த்தாயா?” என்று தொடங்கினாள். விண்ணப்பங்களைப் பற்றிப் பேசாமல் நாங்கள் அரை மணி நேரம் பேசினோம். மொத்தமாக இறக்கிவைக்கப்படும் எந்த நல்ல தொடரும் எனக்கு இதைச் செய்யவில்லை.

இசைக்கு வருவோம். இசைதான் கைகொடுக்கும் என்று நினைத்திருந்தேன்; முதலில் காலை வாரியது அதுதான். பல ஆண்டுகளாக என் பாட்டுகளெல்லாம் பஸ் பயணத்தில் கேட்டவை. எந்தப் பாட்டு முடியும்போது எழுந்து படிக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்பது உடம்புக்கே தெரியும். வீட்டில் அதே வரிசையை ஓடவிட்டால், அந்த இடம் வந்ததும் கால் இறங்கத் தயாராகிறது. இறங்க இடமில்லை. அடுத்த பாட்டு வருகிறது, அதற்கடுத்தது வருகிறது. செயலி தானாகவே தேர்ந்தெடுத்து, எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்படி, இரவுவரை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. ஒன்றையும் கேட்ட நினைவில்லை.

இதற்கு நான் கண்டுபிடித்த தீர்வு பழைய இசைத்தட்டு. தட்டே என்னிடம் கிடையாது, அதன் அளவை மட்டும் எடுத்துக்கொண்டேன். நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவுக்குத்தான் இடம். 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்பி தட்டை அறிமுகப்படுத்திய பிறகு ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. அந்தக் காலத்து ஆல்பங்களை உருவாக்கியவர்கள், கேட்பவர் எழுந்து வந்து தட்டைத் திருப்பிப் போடுவார் என்று தெரிந்தே முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டையும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டையும் வைத்தார்கள். நான் ஆல்பத்தைக் கைபேசியில் போட்டுக்கொண்டு, முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிந்தது என்று பார்த்து, அங்கே நிறுத்துவேன். எழுந்து துணி காயப்போடுவேன், அல்லது தொட்டியில் தண்ணீர் பார்ப்பேன். திரும்பி வந்து இரண்டாம் பக்கம்.

இதை விண்ணப்பக் கடிதம் எழுதவும் பயன்படுத்தினேன்: முதல் பக்கத்தில் நிறுவனத்தைப் பற்றிப் படிப்பது, இரண்டாம் பக்கத்தில் கடிதம். வார்த்தையில்லாத இசையாக இருப்பது முக்கியம். ஒருமுறை பாட்டோடு உட்கார்ந்து எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், என் பணித்திறனைப் பற்றிய வரியில் ‘ஏக்கம்’ என்ற சொல் எப்படியோ புகுந்திருந்தது.

ஆனால் ஒரு பக்கவிளைவு உண்டு, இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். இசை சூழலை உறிஞ்சிக்கொள்ளும். மிகவும் பிடித்த ஒரு பியானோ ஆல்பத்தை வைத்து ஏறக்குறைய 30 விண்ணப்பங்கள் எழுதினேன். இப்போது அதன் முதல் சுரங்களைக் கேட்டாலே, ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் கண்முன் வரிசையாக நிற்கின்றன. ஆல்பம் போய்விட்டது. உயிருக்கு உயிரான இசையை இந்த வேலைக்கு விடாதீர்கள். சுமாராகப் பிடித்தது போதும்.

இனி காமிக்ஸ். “வயது ஏறுகிறது, நீ பொம்மைப் புத்தகம் படிக்கிறாயா?” என்று அக்கா கேட்டாள். படித்தேன். மூன்றில் அதிகம் உழைத்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதல் நன்மை, அது தானாக ஓடாது. நான் பக்கத்தைத் திருப்பாவிட்டால் வில்லன் கத்தியை ஓங்கியபடியே நிற்பான், நான் போய்க் கதவைத் திறந்து கூரியர் வாங்கி வரும்வரை. ஒரு படக்கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்த படக்கட்டத்தில் தரையில் விளக்கு உருண்டு கிடக்கிறது. நடுவில் நடந்ததை அந்த ஒரு விரல்கடை வெள்ளை இடைவெளியில் நான்தான் நடத்தி முடிக்க வேண்டும். வேலை போனவனுக்கு இது சிறிய விஷயமல்ல. நாள் முழுவதும் யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்காத வீட்டில், இந்தப் புத்தகம் என்னிடம் ஒரு சின்ன வேலை கேட்டது.

இன்னொன்று, நூலகப் புத்தகத்துக்குத் திருப்பித் தரும் தேதி உண்டு. வாங்கினால் கட்டுப்படியாகாது, ஓவியர் மாதக்கணக்கில் வரைந்ததை நாற்பது நிமிடத்தில் தின்று தீர்த்துவிடுகிறோம். எனவே நூலகம். பின்னட்டையில் விழும் அந்த முத்திரைத் தேதிதான் 11 மாதங்களில் நான் ஒருமுறைகூடத் தவறவிடாத கெடு. மரியன்தால் ஆண்கள் மூடிய புத்தகங்கள் தடித்த நாவல்களாக இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வேலையில்லாத கண்ணோடு படிக்கும்போது தெரிகிற விஷயங்களும் தனி. டின்டின் ஒரு நிருபர். முதல் கதையைத் தவிர அவர் உட்கார்ந்து செய்தி எழுதி அனுப்புவதைப் பார்ப்பதே அரிது. சம்பளம் யார் தருகிறார்கள்? சிறுவயதில் தோன்றாத கேள்வி. அதற்கு நேர்மாறு ஸ்பைடர்மேன். 1963இல் வந்த அவருடைய சொந்த இதழின் முதல் எண்ணை ஐந்தாம் மாதத்தில் படித்தேன். வீட்டு வாடகைக்குப் பணமில்லை. முகமூடியோடு மேடையேறி வித்தை காட்டிச் சம்பாதிக்கிறார். காசோலை ஸ்பைடர்மேன் பெயரில் வருகிறது. அடையாளச் சான்று இல்லாமல் மாற்ற முடியாது என்று வங்கி ஊழியர் திருப்பி அனுப்புகிறார். அடுத்து, சம்பளம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சாகச வீரர் குழுவின் கட்டடத்துக்குள் புகுந்து, தன் திறமையைக் காட்ட அவர்களோடு சண்டையே போடுகிறார். நாங்கள் லாபத்துக்காக நடத்துவதில்லை, இங்கே சம்பளம் கிடையாது என்கிறார்கள். சுவரில் ஏறத் தெரிந்தவனுக்கே இந்தக் கதி. அன்று காலை ஓர் இணையதளம் என் சான்றிதழை மூன்றாவது முறையாக ஏற்க மறுத்திருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், நெடுநாளுக்குப் பிறகு.

கடைசியாக ஒன்று, எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு. சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த ‘பீனட்ஸ்’ சித்திரத் துணுக்குகளின் தொகுப்பு ஒன்றை மூன்றாம் மாதத்தில் எடுத்து வந்து ஒரே மூச்சில் நூறு பக்கம் படித்தேன். திகட்டிவிட்டது. நாலு கட்டம், ஒரு பெருமூச்சு; நாலு கட்டம், ஒரு பெருமூச்சு. பிழை என்னுடையது. அது நாளிதழுக்கு வரைந்தது, நாளுக்கு ஒன்றாக. 1950 அக்டோபர் 2 அன்று தொடங்கி 2000 பிப்ரவரி 13 வரை மொத்தம் 17,897 துணுக்குகள். 1997இல், 75 வயதை ஒட்டி, ஐந்து வாரம் மட்டும் அவர் விடுப்பு எடுத்தார். அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் என் 11 மாதங்கள் கூச்சப்படுகின்றன.

முதல் தொகுதியைத் தேடி எடுத்து, முதல் துணுக்கிலிருந்து, நாளுக்கு ஒன்று என்று மறுபடி ஆரம்பித்தேன். பல் துலக்கியதும் ஒன்று, பிறகு புத்தகத்தை மூடிவிட வேண்டும். இந்த வேகத்தில் மொத்தத்தையும் முடிக்க 49 ஆண்டுகள் ஆகும். நேர்காணலில் ‘இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டபோதெல்லாம் இணையவழிப் பயிற்சி ஒன்றைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

வரும் திங்கள்கிழமை புதிய வேலையில் சேர்கிறேன். வியாழக்கிழமைத் தொடரில் இன்னும் இரண்டு பகுதிகள் பாக்கி. அக்காவிடம் ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் எந்தப் பாட்டைப் போடுவது என்று முடிவு செய்யவில்லை. இன்று காலையோடு 240 துணுக்குகள் ஆகின்றன. 1951 ஜூலைக்கு வந்திருக்கிறேன். பின்னால் எப்போதும் பியானோவோடே இருக்கப்போகும் ஷ்ரோடர் என்ற பையன் வந்துவிட்டான், இன்னும் கைக்குழந்தை. பியானோ செப்டம்பரில்தான் வரும்.