ஆறு வார லீவில் ஒரு எல்.எல்.ஆர்.

போன மார்ச்சில் இங்கிலாந்தில், நான் இருக்கும் ரெடிங்கில், கார் டெஸ்டில் ஃபெயில் ஆனேன். அங்கே நாற்பது நிமிடம் ஓட்டச் சொல்வார்கள். சின்னத் தவறு 15 வரை பொறுத்துக்கொள்வார்கள், பெரிய தவறு ஒன்றே போதும், கதை முடிந்தது. லேன் மாறும்போது இடது கண்ணாடியைப் பார்க்காததுதான் எனக்கு அந்த ஒன்று. போதாததற்கு ரவுண்டானாவில் இரண்டு முறை வண்டி ஆஃப் ஆனது.

கோடை லீவுக்கு மேற்கு மாம்பலம் வந்தபோது, "இங்கேயும் வலது பக்கம்தானே ஸ்டியரிங், கத்துக்கிட்டுப் போயேன்" என்றார் அப்பா. நான் கொடுக்கும் மணிக்கு 38 பவுண்டை மனதில் ரூபாயாக்கிப் பார்த்தேன். சரியென்று பட்டது.

லீவில் வருகிறவர்கள் முதலில் நாள் கணக்குப் போட வேண்டும். எல்.எல்.ஆர். எனும் பழகுநர் லைசென்ஸ் எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்குப் போக முடியும். மூன்று, நான்கு வார லீவில் வருகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். எனக்கு 42 நாள் இருந்தது. அதிலும் நான்கு நாளை ஆதார் விழுங்கிவிட்டது. ஆதாரில் இருந்தது நான் ஊரை விட்டுப் போனபோது கைவிட்ட பழைய செல் நம்பர். ஓ.டி.பி. எந்தப் புண்ணியவான் போனுக்குப் போனதோ! நம்பரை மாற்றிவிட்டுத்தான் விண்ணப்பிக்க முடிந்தது. எட்டாம் நாள் கம்ப்யூட்டரில் கேள்விகள், சாலைக் குறிகள். தமிழிலேயே எழுதினேன், சிரமமில்லை.

டிரைவிங் ஸ்கூலில் அரை மணி வீதம் 20 வகுப்பு, எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. மீதிக்குக் கணக்கு கேட்டேன். "எல்லாம் சேர்த்துத்தான் மேடம்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

காலை ஆறரைக்கு வாசலில் வண்டி வந்து நிற்கும். முன்னாலும் பின்னாலும் வெள்ளையில் சிவப்பு எல், ரெடிங்கில் மாட்டுவது போலவே. முதல் நான்கு நாள் என்னைப் போல் ஓட்ட ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் காலடியில் இன்னொரு கிளட்சும் பிரேக்கும் இருப்பதை மறந்துவிட்டேன். ஐந்தாம் நாள் அவர் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆரிய கவுடா ரோடு தாண்டுவதற்குள் நான்கு முறை ஆஃப்.

அதன் பிறகுதான் படிப்பே ஆரம்பம். துரைசாமி சப்வேயில் இறக்கி, தி.நகர் பக்கம் ஏறும் சரிவில் நெரிசலுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார். பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. "பாதி கிளட்ச் விடுங்க. வண்டி லேசா நடுங்கும், சத்தம் அடங்கும். அங்கேயே புடிச்சுக்கோங்க. இப்ப ஹேண்ட் பிரேக்க எறக்குங்க." பானெட் முன்பக்கம் கொஞ்சம் தூக்கியது. உள்ளங்காலில் அந்த நடுக்கம் தெரிந்தது. பேருந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. ரெடிங்கில் இதை 'பைட்டிங் பாயின்ட்' என்று பத்து தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் எனக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

கண்ணாடி கதை வேறு. ஸ்கூல் வண்டியில் இடது கண்ணாடி மடக்கியே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"தொறந்து வெச்சா ஆட்டோ ஒடைச்சிட்டுப் போயிடும் மேடம்."

"பின்னாடி வர்றவங்கள எப்படிப் பார்க்கிறது?"

"அவன்தான் ஹாரன் அடிப்பான்ல?"

நான் தினமும் திறப்பேன், அடுத்த சிக்னலில் அவர் கையை நீட்டி மடக்குவார். இருபது வகுப்பும் இப்படியே ஓடியது.

39-ஆம் நாள் டெஸ்ட். கை சிக்னல்களை அப்பா முதல் நாள் இரவே ஹாலில் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்லியிருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். ஒரு நேர் ரோடு, ஒரு யூ டர்ன், கொஞ்சம் ரிவர்ஸ். மூன்றாவது கியர் போடுவதற்குள் "போதும், இறங்குங்க" என்றார். பாஸ். இதை நம்பி எவரும் தனியாக அண்ணா சாலையில் இறங்கிவிடக் கூடாது. நானும் இறங்கவில்லை.

லைசென்ஸ் தபாலில் வந்தபோது நான் விமானம் ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. அப்பா பீரோவில் வைத்திருக்கிறார். பிரிட்டனில் குடியேறி 12 மாதம் வரைதான் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், எனக்கு அந்தக் காலம் தாண்டிப் பல வருடம். அடுத்த லீவில் அம்மாவைக் காஞ்சிபுரம் கூட்டிப்போக உதவும்.

ரெடிங் திரும்பி முதல் வகுப்பிலேயே மேட்டில் நிறுத்தி எடுத்தேன். ஒரு முறைகூட ஆஃப் ஆகவில்லை. இடது கண்ணாடியை மட்டும் இன்னும் மறக்கிறேன். அடுத்த டெஸ்டுக்கு நவம்பரில்தான் தேதி கிடைத்திருக்கிறது.