ஃபாஃப்சா படிவம்: நிரப்புவது எளிது, ஒப்புதலில்தான் கவனம் வேண்டும்

அமெரிக்கக் கல்லூரியில் சேரவிருக்கும் பிள்ளைக்குக் கூட்டரசின் நிதியுதவி கிடைக்க வேண்டுமானால் ஃபாஃப்சா (FAFSA) என்ற விண்ணப்பத்தை நிரப்பியே ஆக வேண்டும். கல்வித்துறையின் இணையதளத்தில் இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதால், பணம் வாங்கிக்கொண்டு நிரப்பித் தருவோரிடம் போகத் தேவையில்லை.

2023 டிசம்பர் இறுதியில் வந்த புதிய படிவம் பெயரைக் கெடுத்துக்கொண்டே அறிமுகமானது. வழக்கமாக அக்டோபரில் திறப்பது மூன்று மாதம் தள்ளிப்போனது மட்டுமன்றி, முதல் ஐந்து மாதங்களில் உதவி மையத்துக்கு வந்த 54 லட்சம் தொலைபேசி அழைப்புகளில் ஏறத்தாழ 40 லட்சம் அழைப்புகளை எடுக்கவே ஆளில்லை என்று அரசின் தணிக்கை அலுவலகமே பின்னர் அறிக்கை தந்தது. அந்தக் கெட்ட பெயரை நினைத்து இன்றும் தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் இனித் தேவையற்றது. 2026-27 கல்வியாண்டுக்கான படிவம் 2025 செப்டம்பரிலேயே திறந்தது. வருமான விவரங்கள் வரித்துறையிலிருந்து நேரே வந்து சேர்வதால் எண்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலை பெருமளவு குறைந்துவிட்டது.

நம்மவர் இடறும் இடம் வேறு. அந்த இணையதளத்தில் மாணவர் தனியாகவும் பெற்றோர் தனியாகவும் கணக்குத் தொடங்க வேண்டும். அதில் தரும் பெயர் சமூகப் பாதுகாப்பு அட்டையில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். தந்தையின் பெயரை ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும், வேறோரிடத்தில் வெறும் முதலெழுத்தாகவும் எழுதிப் பழகிய நமக்கு இது எளிதில் தவறும் இடம். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைக்கும் தரப்படுவது) இருக்கும் தாய்க்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணே இல்லையே என்று கலங்க வேண்டாம்: கணவனும் மனைவியும் கூட்டாக வரிக்கணக்குத் தாக்கல் செய்திருந்தால் ஒருவர் கையொப்பம் போதும். பெற்றோரின் விசா நிலை பிள்ளையின் தகுதியைப் பாதிப்பதில்லை. ஆனால் பிள்ளை குடிமகனாகவோ, நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவராகவோ, அகதிகள் போன்ற தகுதியுள்ள வேறு சில பிரிவினராகவோ இருந்தாக வேண்டும், எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குக் கூட்டரசின் உதவி கிடையாது. வரித்துறைத் தகவலைப் பெறுவதற்கான ஒப்புதலை மாணவரும் பெற்றோரும், வரியே கட்டாதவராயினும், தந்தாக வேண்டும். அது விடுபட்டால் மற்ற பக்கங்கள் எல்லாம் சரியாக இருந்தும் உதவித் தகுதி கணக்கிடப்படாது.

சொத்துக் கேள்விகளில் குடியிருக்கும் வீடும் ஓய்வூதியக் கணக்குகளும் சேரா. ஊரில் வாங்கிப் போட்ட மனை சேரும். அதை யாரும் கேட்கப்போவதில்லை என்று விட்டுவிடுவது பொய்த் தகவலாகும்.

வருமானம் அதிகம், ஆகவே விண்ணப்பித்துப் பயனில்லை என்று ஒதுங்குவதை நான் ஏற்கவில்லை. 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலராக இருந்த, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குத் திருப்பித் தரத் தேவையின்றிக் கூட்டரசு தரும் பெல் உதவித்தொகை அத்தகைய குடும்பங்களுக்குக் கிடைக்காதுதான். ஆனால் பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவர் வருமான வரம்பின்றிப் பெறக்கூடிய 5,500 டாலர் வரையிலான கூட்டரசுக் கடனுக்கும் இதே படிவம்தான் வழி. தம் சொந்த நிதியிலிருந்து உதவும் கல்லூரிகளும் பெரும்பாலும் இதைக் கேட்கின்றன.

இரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் படித்தால் முன்பு குடும்பம் தர இயலும் என்று கணிக்கப்படும் பங்கு இருவருக்கும் பிரித்துக் கணக்கிடப்பட்டது. 2024-25 முதல் அந்தச் சலுகை இல்லை. இந்தப் படிவத்தின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இதுவே. அடுத்த குறை, ஈராண்டு முந்தைய வரிக்கணக்கை அடிப்படையாகக் கொள்வது. 2026-27க்கு 2024ஆம் ஆண்டின் வருமானமே பார்க்கப்படுகிறது. இடையில் வேலை போயிருந்தால் அதைச் சொல்லப் படிவத்தில் இடமில்லை. படிவத்தை அனுப்பிவிட்டு, பணிநீக்கக் கடிதத்தை இணைத்துக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குத் தனியே எழுத வேண்டும். கணக்கைத் திருத்தும் அதிகாரம் அவர்களிடம் உண்டு.