மினி டேபிள் சா (மேஜை ரம்பம்) வாங்கி ஏமாந்த கதை: கப்பல் மாடல் செய்கிற மும்பைக்காரர்கள் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கடைப் பெயரும் ஆள் பெயரும் எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். கையில் ஒழுங்கான பில் இல்லாமல் பெயரைப் போட்டால் நாளைக்கு எனக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் வரும். பில் ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன், அதில் பாதி என் பேராசை.

ரொம்ப நாளாக மனசில் இருந்த ஒரு கப்பல், எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. பெயரைப் பார்த்ததுமே பிடித்துப்போனது, நம்ம திருகோணமலைதானே. கட்டியது இதே பம்பாயில், வாடியா குடும்பத்து ஜம்ஷெட்ஜி போமன்ஜியின் பட்டறையில், தேக்கு மரத்தில். 1817 அக்டோபரில் தண்ணீரில் இறக்கினார்கள். முதலில் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய வரைபடங்கள் 1812 இல் ஜாவா என்ற கப்பலோடு கடலில் போய்விட்டதால் மறுபடியும் அனுப்ப வேண்டியிருந்தது. கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. அது பிறந்த இடத்துக்கு என் வீட்டிலிருந்து ஹார்பர் லைனில் அரைமணி நேரம். அந்தக் கப்பலை ஆன்டாப் ஹில் ஃபிளாட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து 1/96 அளவில் செய்ய வேண்டும், அதையும் தேக்கில் செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு. 150 அடி நீளத் தளம் 48 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், மனைவியின் டிவி அலமாரியில் ஒரு தட்டு போதும், இப்படிக் கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன்.

இந்த அளவில் என்ன பிரச்சினை என்றால், நிஜக் கப்பலில் 10 அங்குல அகலப் பலகை மாடலில் 2.65 மி.மீ. பட்டையாகிவிடும். இப்படி நூற்றுக்கணக்கான பட்டைகள் வேண்டும், எல்லாம் ஒரே அகலத்தில். கையால் அறுத்து முடியாது என்று நினைத்தேன் (தப்பு, பிறகு சொல்கிறேன்). அப்போதுதான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம். "மினியேச்சர் வேலைக்கு முழு செட்டப், வீட்டுக்கே வந்து பொருத்தித் தருவோம், 0.01 மி.மீ. துல்லியம்." ஃபோன் செய்தால் எடுத்தவர் திருநெல்வேலித் தமிழில் பேசுகிறார். எனக்கும் பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம். "அண்ணாச்சி, நாம நாக்தேவில இருபது வருஷமா இருக்கோம், நேர்ல வந்து பாருங்க, பிடிச்சா எடுங்க" என்றார். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். மும்பையில் நாற்பது வருஷம் இந்தியில் பேரம் பேசியவனிடம் யாராவது "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தால் பர்ஸ் தானாகத் திறந்துகொள்கிறது.

மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நாக்தேவிக்கு நடந்தேன். டூல்ஸ் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்ல வேண்டியதில்லை, நல்ல கடைகளும் அங்கேதான் இருக்கின்றன, தெருவை நான் குறை சொல்லவில்லை. இவருடையது கடைகூட இல்லை, ஒரு மாடியில் வாடகைக்கு எடுத்த அறை. மேஜை மேல் சின்ன ரம்பம். ஜெர்மனிக்காரர்களின் ப்ராக்ஸான் கம்பெனி ரம்பம் செய்கிற அதே தொழிற்சாலையில் செய்தது, ஸ்டிக்கர் மட்டும் இல்லை, அதனால்தான் பாதி விலை என்றார். "அதே ஃபேக்டரி, பேர் மட்டும் இல்ல" என்ற வாக்கியத்தை யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நான் உட்கார்ந்தேன், டீ வந்தது.

டெமோ காட்டினார். பால்சா மரத் துண்டு ஒன்றை எடுத்து வைத்து அறுத்தார், வெண்ணெய் மாதிரி போனது. பால்சாவை என் பேத்தி பேனாக்கத்தியாலேயே அறுப்பாள். அந்த நேரத்தில் அது மண்டையில் ஏறவில்லை. என் பையில் ஒரு தேக்குச் சில்லு இருந்தது, ரே ரோடு மரக்கடையிலிருந்து வாங்கியது, கலர் பார்க்கத்தான் கொண்டு போயிருந்தேன். அதைக் கொடுத்து "இதை அறுங்க தம்பி" என்று கேட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது, நம்ம ஊர்ப் பையன்.

மொத்தம் 34,500 ரூபாய். ரம்பம், ஒரு டிஜிட்டல் வெர்னியர் (இரண்டு தாடைக்கு நடுவில் பிடித்து அளப்பது), டிரில் பிட் பெட்டி, நீடில் ஃபைல் செட், சின்ன வைஸ், வீட்டுக்கு வந்து செட்டப். ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் மேலே ஆகும், கச்சா பில் போதுமென்றால் இதே விலை என்றார். ஆறாயிரம் மிச்சம் என்று கச்சா பில்லுக்குத் தலையாட்டினேன். ஜிபேயில் அனுப்பும்போது வந்த பெயர் வேறு யாரோ. "அது மச்சான் நம்பர் அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பால்கனி ஓரத்தில் மேஜையைப் போட்டு, ரம்பத்தை நாலு ஸ்க்ரூவில் இறுக்கி, ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "கேலிப்ரேட்டட்" (அளவு சரிபார்த்தது) என்று தேதியோடு பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். உண்மையான கேலிப்ரேஷன் என்றால் என்.ஏ.பி.எல். (லேப்களைச் சோதித்து அங்கீகரிக்கிற அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப் பெயர், சான்றிதழ் எண், எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற அளவு எல்லாம் தனித் தாளில் இருக்கும். இது ஸ்டேஷனரி கடையில் ரோலாகக் கிடைக்கிற ஸ்டிக்கர். கடைசியில் செட்டப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டார். மோர் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தேக்கை வைத்தேன். ஒரு சாண் உள்ளே போனதும் மோட்டார் முனகி நின்றது. அப்போதுதான் அடாப்டரைத் திருப்பிப் படித்தேன். 24 வோல்ட், 4 ஆம்பியர். பெருக்கினால் 96 வாட். பெட்டி மேலே 300 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அடாப்டர் கொடுப்பதே 96 என்றால் மீதி 204 எங்கிருந்து வரும்? வாங்குகிற இடத்திலேயே, ஒரு பைசா செலவில்லாமல், நான் படித்திருக்கலாம்.

மெதுவாகத் தள்ளினால் அறுக்கிறது என்று கண்டுபிடித்து எட்டுப் பட்டை எடுத்தேன். ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளம். ஒரு முனையில் 2.6, மறு முனையில் 3.0. எட்டும் அப்படியே. 0.4 மி.மீ.தானே என்று தோன்றும், 96 ஆல் பெருக்கிப் பாருங்கள், நிஜக் கப்பலில் ஒன்றரை அங்குலம். ஒன்பதாவது பட்டை பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் (மரத்தை ஒட்டித் தள்ளுகிற பக்கச் சட்டம்) நடுவில் மாட்டிக்கொண்டு அம்பு மாதிரிப் பின்னால் பறந்து, சுவரிலிருந்த முருகன் காலண்டரில் வேலுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டது. நான் ஒரு பக்கமாக நின்றிருந்தேன், அதுவும் தற்செயல்தான். பிளேடுக்குப் பின்னால் வெட்டு மூடிக்கொள்ளாமல் பிடிக்கிற தகடு இந்த மெஷினில் இல்லவே இல்லை. இது இல்லாத ரம்பத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எது இருந்தாலும் பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு மாமா இருக்கிறார், டூல்ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரைக் கூப்பிட்டேன். டயல் கேஜும் (நுணுக்கமான ஆட்டத்தை முள்ளில் காட்டுவது) காந்த ஸ்டாண்டும் எடுத்துக்கொண்டு வந்தார், ஸ்டாண்டை மேஜைத் தட்டில் வைத்தார், அது ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. "காஸ்ட் அயர்ன் பெட்னு சொன்னானா உன்கிட்ட?" என்று என்னைப் பார்த்தார். சொல்லியிருந்தார். தட்டு வெறும் அலுமினியத் தகடு. ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற தோசைக்கடைக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துப் போயிருந்தால் நாக்தேவி மாடியிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

மாமா ஒரு இரும்புப் பிளேட்டைக் கிளாம்ப் போட்டு அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்தினார். முதலில் பிளேடைக் கழற்றிவிட்டு வெறும் தண்டில் டயலின் முனையை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். தண்டே 0.12 மி.மீ. ஆடியது. அப்புறம் பிளேடைப் போட்டு, பல்லுக்குக் கீழே அதன் பக்கவாட்டு முகத்தில் வைத்துச் சுற்றினால் 0.35. பிளேடின் ஓட்டை 16 மி.மீ., தண்டு 10 மி.மீ., நடுவில் இடைவெளியை அடைக்க ஒரு பிளாஸ்டிக் புஷ். அதுவும் லொடலொட. பல்லு மட்டத்தில் பிளேடின் தடிமன் 0.5, அது போட்ட வெட்டின் அகலம் 0.9. டயல் கேஜ் இல்லாதவர்களுக்கு இந்த ஒரு அளவு போதும், வெட்டு பிளேடைவிட ரொம்ப அகலமாக இருந்தால் பிளேடு ஆடுகிறது என்று அர்த்தம்.

ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்கிற முறையையும் அவர்தான் காட்டினார். ஒரே ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து ஃபென்ஸுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும், பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். வேறு வேறு பல்லில் அளந்தால் பிளேடின் ஆட்டமும் சேர்ந்து வந்து குழப்பும். எனக்கு வித்தியாசம் 0.3 வந்தது. திருத்தலாம் என்றால், ஃபென்ஸை இறுக்குகிற திருகு ஒரு பக்கம் மட்டும்தான். இறுக்கும்போதே கோணிக்கொள்கிறது. பச்சை ஸ்டிக்கர் மேலே பளபளவென்று இருக்கிறது.

அடுத்தது வெர்னியர். மிட்டுடோயோ என்று எழுதியிருந்தது, போலி. அசல் ஜப்பான் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்தப் பெயரில் நகல்கள் நிறைய ஓடுகின்றன. மாமா கையில் 608 பேரிங் ஒன்று வைத்திருந்தார், ஸ்கேட்டிங் சக்கரத்தில் போடுவது, எந்தப் பேரிங் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நல்ல பேரிங்கில் வெளிவிட்டம் 22 மி.மீ., உள்விட்டம் 8 மி.மீ., இரண்டிலும் பிழை 0.01 க்குள்தான் இருக்கும் (தடிமன் 7 என்று சொன்னாலும் அதில் கொஞ்சம் தளர்வு உண்டு, அதை வைத்துச் சோதிக்காதீர்கள்). என் வெர்னியர் முதல் தடவை 21.91 காட்டியது, இரண்டாம் தடவை 21.97, மூன்றாம் தடவை 21.93. தப்பாகக் காட்டினாலும் ஒரே மாதிரித் தப்பாகக் காட்டினால் கழித்துக்கொள்ளலாம், இது ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்கிறது. இரண்டு தாடையையும் மூடி வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் மெல்லிய கோடாக ஒளி தெரிகிறது. பேட்டரி மூன்று வாரத்தில் தீர்ந்தது, ஆஃப் செய்து வைத்தாலும். அசலில் ஒரு பேட்டரி வருஷக்கணக்கில் வரும்.

டிரில் பிட் விஷயம் சுருக்கமாக. 0.3 இலிருந்து 1.6 வரை, கார்பைடு என்று பெருமையாகக் கொடுத்தார். கார்பைடுதான், பொய்யில்லை. சர்க்யூட் போர்டு துளைக்கிற மெஷினுக்கான பிட்கள், பாதி ஏற்கெனவே ஓட்டித் திரும்பச் சாணை பிடித்தவை. கார்பைடு கண்ணாடி மாதிரி, பின் வைஸில் (விரலால் சுற்றுகிற சின்ன பிட் பிடி) பிடித்துக் கையால் சுற்றினால் கை லேசாகச் சாய்ந்தாலே படக்கென்று ஒடியும். ஒரு மணி நேரத்தில் ஆறு ஒடித்தேன். கையால் துளைக்க ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்தான் வாங்க வேண்டும், அது வளைந்து கொடுக்கும். நம்பர் 80 என்று கேட்டால் 0.34 மி.மீ., நம்பர் 61 கிட்டத்தட்ட 1 மி.மீ., கப்பல் மாடலுக்கு இந்த எல்லைக்குள் போதும்.

ஃபோன் செய்தேன். "அண்ணாச்சி, மெஷின்ல குறையே இல்ல, உங்க மரந்தான் சரியில்ல" என்றார். எரிச்சல் என்னவென்றால் அதில் கால்வாசி உண்மை. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, சாதாரண பிளேடின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும், அதோடு அதன் ரேகைகள் 1/96 க்கு ரொம்பத் தடிப்பு. நெருக்கமான இழை உள்ள மஞ்சக்கடம்பு இதற்கு நல்ல மரம், மரக்கடையில் ஹல்து என்று கேட்க வேண்டும். ஆனால் தேக்குக் கப்பல் என்றுதான் அவரிடம் முதல் வார்த்தையே சொன்னேன், டீ குடித்துக்கொண்டு தலையாட்டியவர் அவர்தான். மஞ்சக்கடம்பை வைத்தும் அறுத்துப் பார்த்தேன், மோட்டார் நிற்கவில்லை, பட்டை அதே கோணல். அதைச் சொன்னதிலிருந்து ஃபோன் எடுப்பதில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், மரியாதையாகத்தான் கேட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் விற்றவர் யார் என்று காட்ட என்னிடம் இருப்பது "எஸ்டிமேட்" என்று தலைப்புப் போட்ட ஒரு தாளும் மச்சான் பெயரில் போன பணமும் வாட்ஸ்அப் உரையாடலும். போடத்தான் போகிறேன். 6,000 மிச்சப்படுத்திய புத்திசாலி எவ்வளவு தூரம் ஓடுகிறான் என்று பார்ப்போம்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், மெல்லிய பல் உள்ள ஒரு கைரம்பம், சின்ன இழைப்புளி, மரத்தில் நானே செய்த ஒரு காடி. பட்டையை அந்தக் காடியில் படுக்க வைத்து இழைத்தால் அகலம் 0.05 க்குள் நிற்கிறது. சர்ஜிக்கல் கடையில் 3 ஆம் நம்பர் பிடியும் 11 ஆம் நம்பர் பிளேடும் வாங்கினேன், ஹாபி கத்தி என்று விற்பதைவிடக் கூர்மை, விலையும் பாதிக்குக் கீழே. மாமா தன் பழைய வெர்னியரைக் கொடுத்திருக்கிறார், பேட்டரி இல்லாதது, கண்ணால் படிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன்.

போன வாரம் அந்த வாட்ஸ்அப் குழுவில் புது விளம்பரம் வந்தது. "மும்பையில் எங்கள் திருப்தியான வாடிக்கையாளர்" என்று ஒரு போட்டோ: பால்கனி ஓரம் மேஜை, நீலச் சுவர், ரம்பத்தின் மேல் பச்சை ஸ்டிக்கர். அது என் வீடு. அன்றைக்கு மோர் குடிப்பதற்கு முன்னால் எடுத்தது, அதில் முருகன் காலண்டர் ஓட்டையில்லாமல் முழுசாக இருக்கிறது.