போன் ஹாட்ஸ்பாட்டா, பாக்கெட் வைஃபையா? செட்டிங்ஸுக்குள் நுழைந்து ஓர் ஒப்பீடு

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் 4ஆம் தேதி, வேளச்சேரியில் எங்கள் தெருவில் முதலில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் மூச்சை விட்டதும் ஃபைபர் நெட்டும் போனது. வீட்டில் மிச்சம் இருந்தவை மூன்று போன்கள், எப்போதோ வாங்கி டிராயரில் போட்டிருந்த ஒரு பாக்கெட் வைஃபை (சிம் போட்டால் வைஃபை தரும் கையடக்கக் கருவி), பாதி சார்ஜில் ஒரு பவர் பேங்க். டவர் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. வந்த நேரத்தில்கூட அதை உருப்படியாகப் பயன்படுத்த முடியவில்லை. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அப்பாவின் பழைய போனில் அதன் பெயரே தெரியவில்லை. பாக்கெட் வைஃபையின் பெயர் தெரிந்தது, இணையவும் செய்தது, ஆனால் நெட் மட்டும் வரவில்லை. இரண்டுமே செட்டிங்ஸ் கோளாறு என்பதைத் தண்ணீர் வடிந்த பிறகு உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன்.

அன்றிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தால் ஒரு கடையில் "போன்லயே இருக்கே சார், இது எதுக்கு?" என்பார்கள். அடுத்த கடையில் "போன் சூடாயிடும் சார், தனியா ஒண்ணு வாங்கிக்கங்க" என்பார்கள். எது வேகம் என்று யாரிடமும் கேட்டுப் பயனில்லை. ஒரே சிம்மை இரண்டிலும் மாறிமாறிப் போட்டால், பேசப்போவது ஏறக்குறைய ஒரே டவருடன்தான். எதில் எதை மாற்ற முடியும், மாற்றினால் ஏதாவது நடக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். போனில் மாற்றக் கிடைப்பவை கொஞ்சம்தான், ஆனால் எல்லாமே வேலை செய்யும். பாக்கெட் வைஃபையில் பக்கம் பக்கமாக இருக்கும், அதில் நான்கைந்துக்கு மேல் தொடத் தேவையில்லை.

அலைவரிசையும் அடுக்குமாடியும்

முதலில் பார்க்க வேண்டியது வைஃபை ஓடும் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா என்பதை. 2.4 சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 வேகமாக இருக்கும், இரண்டு கான்கிரீட் சுவர் வந்தால் களைத்துவிடும்.

இந்த நெரிசல் என்றால் என்னவென்று சென்னை அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். எங்கள் ஹாலில் நின்று போனில் தேடினால் இருபதுக்குக் குறையாமல் வைஃபை பெயர்கள் வருகின்றன. 2.4-ல் இந்தியாவில் 1 முதல் 13 வரை சானல்கள், அதாவது வைஃபை ஓடும் தடங்கள், உண்டு. பதின்மூன்று என்று எண்ணி ஏமாற வேண்டாம், பக்கத்துப் பக்கத்துச் சானல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒன்றையொன்று இடிக்காதவை என்று பொதுவாக எடுத்துக்கொள்வது 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான். இருபது வீட்டு வண்டியும் மூன்றே லேனில். போதாததற்கு எதிர்வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும், எல்லார் காதிலும் இருக்கும் புளூடூத்தும் அதே ரோட்டில்தான் போகின்றன.

போனில் இதற்குத் தீர்வு சுலபம். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் பேண்ட் என்று இருக்கும், 5-ஐத் தேர்ந்தெடுத்தால் நெரிசலிலிருந்து விலகிவிடலாம். ஐபோன் 12 முதல் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அணைத்து வைத்தால் 5, போட்டால் 2.4. பெயரைப் பார்த்து அது ஏதோ நல்ல விஷயம் என்று எப்போதும் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கருவிகளுக்காக வேகத்தை விட்டுக்கொடுக்கும் பொத்தான் அது. அப்பாவின் போனில் பெயர் தெரியாமல் போனதற்குக் காரணமும் இதேதான். அவருடைய போன் 2.4 மட்டும் பிடிக்கும் பழைய மாடல், என் ஹாட்ஸ்பாட் 5-ல் ஓடிக்கொண்டிருந்தது. "உன் போன்ல ஏதோ கோளாறு" என்று அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான்.

பாக்கெட் வைஃபையில் நிலைமை தலைகீழ். நம்மிடம் புழங்கும் விலை குறைந்த 4ஜி மாடல்கள் பலவும் 2.4 மட்டுமே பேசும். வாங்கும்போது பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், நான் பார்க்கவில்லை. ஆனால் போன் தராத ஒரு வசதி இதில் உண்டு: சானலை நாமே தேர்ந்தெடுக்கலாம். வைஃபை அனலைசர் வகை செயலி ஒன்றைப் போனில் போட்டு, 1, 6, 11 மூன்றில் எது காலியாக இருக்கிறது என்று பாருங்கள். பிறகு பிரவுசரில் 192.168.1.1 போன்ற முகவரியில் (கருவியின் அடியில் ஒட்டியிருக்கும்) நுழைந்து 'ஆட்டோ'வை நீக்கி அந்தச் சானலைப் போடுங்கள்.

அதே பக்கத்தில் சானல் அகலம் என்று 20, 40 இருக்கும். பெரிய எண்ணைப் போடத்தான் கை துறுதுறுக்கும். ஒற்றை ஆன்டெனா கருவியில் 40 போட்டால் காகிதத்தில் வேகம் 150 எம்பிபிஎஸ், 20 போட்டால் 72. ஆனால் மூன்றே லேன் இருக்கும் ரோட்டில் இரண்டு லேனை அடைத்துக்கொண்டு போவதுதான் 40. எங்கள் வீட்டில் 20-க்கு மாற்றிய பிறகு வேகச் சோதனையில் எண் குறைந்தது, வீடியோ கால் உறைந்து நிற்பதும் நின்றது. வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் சீராக வந்தாலே போதும்.

ஒரே அறையில் புது லேப்டாப்பை வைத்து வேலை செய்கிறீர்களா? போன், 5 கிகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான். கருவி பால்கனி ஜன்னலிலும் ஆட்கள் இரண்டு அறை தள்ளியும் என்றால் பாக்கெட் வைஃபை பக்கம் சாய்வேன்.

தூங்கிப்போகும் டைமர்

"ஹாட்ஸ்பாட் அடிக்கடி கட் ஆகுது" என்ற புகாரில் பெரும்பங்கு இதனால்தான். யாரும் இணையாமல் சில நிமிடங்கள் கழிந்தால் போன் தானாகவே ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும். ஆண்ட்ராய்டில் இதை அணைத்து வைக்க வழி உண்டு, சில போன்களில் எத்தனை நிமிடம் என்றும் சொல்லலாம். ஐபோனில் அந்த வசதி கிடையாது. புதிதாக ஒரு கருவி இணைய வேண்டும் என்றால் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தபடி வைத்திருப்பதே நல்லது. ஐபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த அறையிலிருந்து இணைக்கப் பார்த்தால் திண்டாட்டம்தான்.

பாக்கெட் வைஃபையிலும் இதேபோல் ஸ்லீப் நேரம் உண்டு. சார்ஜரில் இருக்கும்போது 'நெவர்' வைத்துவிடலாம், பேட்டரியில் ஓடினால் பத்து நிமிடம் போதும். சில மாடல்களில் வைஃபை ரேஞ்ச் ஷார்ட், லாங் என்றும் இருக்கும். பையில் வைத்துக்கொண்டு கடற்கரை – தாம்பரம் ரயிலில் போகிறவர்களுக்கு ஷார்ட் போதும், பேட்டரி கூடுதலாகத் தாங்கும்.

சூடு தனிக் கதை. கத்திரி வெயிலில் போனை சார்ஜில் போட்டு, 5ஜியில் ஹாட்ஸ்பாட்டும் ஓட்டினால் இட்லிச் சட்டியைத் தொட்ட மாதிரி இருக்கும். சூடு ஏறினால் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாக்கெட் வைஃபை இதில் தப்பித்தது என்று நினைத்து, என்னுடையதை மாதக்கணக்கில் சார்ஜரிலேயே விட்டு வைத்தேன். பேட்டரி உப்பி, பின்மூடி தானாகக் கழன்றுகொண்டது. இப்போது வாங்கியிருக்கும் புதுப் பேட்டரி சார்ஜ் ஆனதும் சார்ஜரைக் கழற்றிவிடுகிறேன்.

பூட்டு

போனில் அநேகமாக ஒரே ஒரு கேள்வி: வைஃபையைப் பூட்டும் முறை டபிள்யூபிஏ2-வா, டபிள்யூபிஏ3-யா? இரண்டாவது 2018-ல் வந்தது, பாதுகாப்பு அதிகம். பழைய கருவிகளும் வீட்டில் இருந்தால் இரண்டும் கலந்த தேர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டபிள்யூபிஏ2-வும் ஒரு நீளமான பாஸ்வேர்டும் போதும். போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள், ஃபிளாட்டில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

பாக்கெட் வைஃபையில் பூட்டு இரண்டு. வைஃபை பாஸ்வேர்டை எல்லாரும் மாற்றுவார்கள், சானலை மாற்ற நுழைந்தோமே, அந்த நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் 'அட்மின்' போன்ற ஊரறிந்த சொல்லாகத்தான் இருக்கும். வைஃபையில் சேர்ந்த எவரும் உள்ளே போய் எல்லாவற்றையும் மாற்றலாம். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், அதிலுள்ள 'பின்' நம்பர் முறையில் ஓட்டை இருப்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

பெயரை மறைத்து வைப்பதும், மேக் ஐடி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வைத்து, எழுதி வைத்த கருவிகளை மட்டும் உள்ளே விடும்படி வடிகட்டுவதும் பாதுகாப்பு மாதிரி தோன்றும். மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவசக் கருவிகளே போதும். வடிகட்டி இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் தங்கள் நிஜ மேக் ஐடியைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் ஐடி காட்டுகின்றன. அந்த வசதி வந்தது நல்லதுதான். ஆனால் போனின் 'அபவுட்' பக்கத்தைப் பார்த்து ஐடியை எழுதி வைத்த எனக்கு, என் வீட்டுக்காரம்மாவின் போனையே வெளியே நிறுத்தியதுதான் மிச்சம்.

இணைந்திருக்கும், நெட் வராது

புயலன்று பாக்கெட் வைஃபை காலை வாரியது இங்கேதான். முன்பு வேறொரு நிறுவனத்தின் சிம் அதில் இருந்தது. சிம்மை மாற்றினேன், ஏபிஎன்னை (அந்த நிறுவனத்தின் நெட்டுக்குள் நுழைய வேண்டிய வாசலின் பெயர்) மாற்றவில்லை. வாடிக்கையாளர் சேவையை ஒருவழியாகப் பிடித்தபோது மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னார்கள், நாலாவது முறையும் அதையே சொன்னார்கள். ஏபிஎன் என்ற சொல்லையே அந்த அழைப்பில் யாரும் உச்சரிக்கவில்லை.

போனில் சிம் போட்டதும் ஏபிஎன் பெரும்பாலும் தானே அமைந்துவிடும். பாக்கெட் வைஃபையில் பழைய சிம்மின் ஏபிஎன் புரொஃபைல் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெலுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் போட வேண்டும். கூடவே ஐபி (இணைய முகவரி) வகையை ஐபிவி4/ஐபிவி6 இரண்டும் என்று வையுங்கள். நெட்வொர்க் முறையை '4ஜி மட்டும்' என்று பூட்டுவதும் பாக்கெட் வைஃபையில் எளிது. சிக்னல் ஊசலாடும் இடத்தில் 2ஜிக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும் நோய்க்கு அதுதான் மருந்து.

போர்ட் ஃபார்வர்டிங், டிஎம்இசட், யுபிஎன்பி என்று, வெளியிலிருந்து உள்ளே வர வழி திறக்கும் மீதிப் பக்கங்கள் இருக்கின்றனவே? மொபைல் நிறுவனங்கள் பொதுவாகப் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் கருவியின் கதவைத் தட்டவே முடியாதபோது எந்த வாசலைத் திறந்து வைத்து என்ன? வீட்டு சிசிடிவியைப் பார்க்க இதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு கேபிள்

இந்தப் போட்டியில் யாரும் சேர்த்துக்கொள்ளாதது யுஎஸ்பி டெதரிங், அதாவது போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து நெட் கொடுப்பது. லேப்டாப் ஒன்றே ஒன்று என்றால் இரண்டு வைஃபையையும்விட இதுவே மேல். அலைவரிசை நெரிசல் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, போன் சார்ஜும் ஏறும். கேபிள் டேட்டா போகும் வகையாக இருக்க வேண்டும், வெறும் சார்ஜ் கேபிள் உதவாது. புளூடூத் டெதரிங்கும் உண்டு. மெயில் பார்க்கலாம், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

டேட்டா கணக்கு

சென்னையில் 5ஜி வந்தது 2022 அக்டோபரில். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களோடுதான் அளவில்லாத 5ஜி தந்தன. 4ஜி பாக்கெட் வைஃபையில் அதே சிம்மைப் போட்டால் அந்தச் சலுகைக்கு வேலையே இல்லை, தினசரி ஒதுக்கீட்டிலிருந்து கழியும். ஒரு மணி நேர வீடியோ கூட்டத்துக்குச் சுமார் ஒரு ஜிபி வைத்துக்கொண்டால் மதியத்துக்குள் ஒதுக்கீடு தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 5ஜி போன் வைத்திருப்பவர்களுக்கு ஹாட்ஸ்பாட் லாபமாக இருக்க இது ஒன்றே போதும். ஆனால் உங்கள் திட்டத்தின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எதில் இணைந்தாலும் விண்டோஸில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' (அளந்து செலவழிக்க வேண்டியது) என்று குறித்துவிடுங்கள். ஐபோனில் லோ டேட்டா மோட். இல்லையென்றால் அப்டேட் என்ற பெயரில் லேப்டாப் ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இது. நானும் வீட்டுக்காரம்மாவும் வேலைக்குப் போன் ஹாட்ஸ்பாட், 5 கிகாஹெர்ட்ஸ், டைமர் அணைத்து. பாக்கெட் வைஃபை அப்பாவுக்கு: 2.4, சானல் 11, அகலம் 20, 4ஜி மட்டும். அதில் போன்களில் இல்லாத இன்னொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டிருக்கிறேன், ஒரு டவர் படுத்தால் இன்னொன்று எழுந்திருக்கலாம் என்ற நம்பிக்கையில். டூயல் சிம் போனிலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் நான் வெளியே போனால் போனும் கூடவே வந்துவிடுமே. சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையில் தொங்குகிறது, வீட்டில் சிக்னல் ஒழுங்காக வரும் ஒரே இடம் அது. அப்பா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'தொட்டில்'.